கிளவுஸ் போட்டிருந்தவன்

இப்போதெல்லாம் யார்தான் கை தட்டுகிறார்கள்? ஒரு கையில் போன், இன்னொரு கையில் தண்ணீர் பாட்டில். மேடையில் நிற்கிற மனிதனை நேரே பார்க்காமல், உள்ளங்கை அகலத்துக்குச் சிறிதாக்கிப் பார்க்கிறார்கள். வீட்டுக்குப் போய் மறுபடி பார்ப்பார்களாம். எவனும் பார்க்கப்போவதில்லை என்பது பெரியவர் மண்ணாங்கட்டிக்குத் தெரியும். உப்பளம் மைதானத்தில் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, மனைவி செல்வாம்பாளிடம் இதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"வாய மூடிக்கினு உக்காருய்யா. உன் கூட்டாளிக்குத்தான விழா? அவுரே போன் போட்டுல்ல கூப்பிட்டாரு."

"கூட்டாளிதான். நாப்பத்தஞ்சு வருசத்துல ஒரே ஒரு போனு."

ஆனாலும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார். கலைவாணன் போனில் சொன்னது அப்படி. "மண்ணு, அந்த மேட்ச்ச பத்திப் பேசப்போறேன். நீ கட்டாயம் வரணும்." அந்த மேட்ச் என்றால் ஒன்றுதான். கடைசியில் உண்மையைச் சொல்லப்போகிறான் என்று மண்ணாங்கட்டி எடுத்துக்கொண்டார். யாரையும் லேசில் நம்பாத மனுஷன், இதை மட்டும் நம்பித் தொலைத்தார்.

கலைவாணன் கிரிக்கெட்டில் இந்தியாவுக்கே முதல் ஆட்டக்காரனாக இறங்கியவன். பதினாறு வருஷம் புதுப் பந்தை மட்டையில் வாங்கியவன். முதல் பந்துக்கு அஞ்சாதவன் என்று பேப்பர்காரர்கள் பட்டம் கொடுத்தார்கள். அந்தப் பதினாறு வருஷமும் மண்ணாங்கட்டி உள்ளூர் மேட்டுப்பாளையத்தில் சோப்புக் கம்பெனியில் மூட்டை தூக்கினார். மிஷின் சத்தத்துக்கு நடுவில் ரேடியோவைக் காதோடு ஒட்டிக்கொண்டு கேட்பார். கலைவாணன் சீக்கிரம் அவுட்டாகி, டீக்கடையில் எவனாவது வாய்விட்டால் அடிக்கப் போய்விடுவார். அவர் யாரென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. அவரும் சொன்னதில்லை.

நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால், அன்றைக்கு அணிக்கு ஆளெடுக்கிற மேட்ச்; இவர்கள் இரண்டு பேரும்தான் முதல் ஜோடியாக இறங்க வேண்டும். சென்னையிலிருந்து வந்த அணியில் ஒரு பனைமர உயரத்துக்காரன், ஆட்டம் தொடங்கும் முன்பே, ஆடுகளத்தில் விரித்திருந்த கயிற்றுப் பாயில் பந்தைக் குத்திக் காதோரம் எழுப்பிக்கொண்டிருந்தான். ஹெல்மெட் எல்லாம் அப்போது கண்டது கிடையாது. ஷெட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தவன் கலைவாணன். "மச்சான், இன்னிக்கு மட்டும் மொத பந்த நீ வாங்கிக்கடா. ஆளெடுக்கிறவங்க பாக்கறாங்க. யாருகிட்டயும் சொல்லிடாத." மண்ணாங்கட்டி போய் நின்றார். மூன்றாவது பந்து தாடையில் இறங்கியது. நாலு பல் பாயிலேயே கிடந்தன. தூக்கிக்கொண்டு போனார்கள். பந்து பழசான பிறகு கலைவாணன் நூற்றுப் பதினாலு அடித்தான். அதற்குப் பிறகு அவன் சென்னைக்காரன்.

கல்யாணம் ஆனபோது செல்வாம்பாளிடம், "மொத பந்த நான் வாங்கினேன், அதுல போச்சு பல்லு" என்று மட்டும் சொன்னார். வாந்தி எடுத்தவன் கதையை அவளிடமும் சொல்லவில்லை. கறி சமைத்தால் நாற்பது வருஷமாக அவருக்குத் தனியாகக் கொத்தித்தான் போடுகிறாள்.

மேடையில் கலைவாணன் மைக்கைப் பிடித்தான். தலை முழுக்க வெள்ளையாகி, அழகாகத்தான் இருந்தான்.

"ஷெட்டுக்குப் பின்னாடி போய்ப் பாக்கறேன், நம்ம பார்ட்னர் வேப்பமரத்தப் புடிச்சிக்கிட்டு வாந்தி எடுக்கறாரு! 'மச்சான், மொத பந்த நீ வாங்கிக்கடா'ன்னு ஒரே அழுக. சரி, நான் நிக்கிறேன்னு சொன்னேன். அன்னிக்கு நின்னவன்தான்! அவரு பாவம், அடுத்த ஓவர்ல கண்ண மூடிக்கிட்டு வாயிலயே வாங்கிட்டாரு."

மைதானம் சிரித்தது. செல்வாம்பாளும் சிரித்துவிட்டாள். பாதியில் நிறுத்தி, தலையைத் திருப்பிப் புருஷனின் வாயைப் பார்த்தாள்.

மண்ணாங்கட்டி அவளைப் பார்க்கவில்லை. கலைவாணனுக்குப் பின்னால், பெரிய திரையில் ஒரு பழைய கறுப்பு வெள்ளை போட்டோ வந்திருந்தது. இரண்டு பையன்கள் மட்டையோடு மைதானத்துக்குள் இறங்குகிறார்கள். அவர்கள் கிளப்பில் இருந்தது ஒரே ஒரு ஜோடி கிளவுஸ். முதல் பந்தை வாங்குகிறவன்தான் அதைப் போட்டுக்கொண்டு இறங்குவான். ஓட்டம் எடுத்து ஆள் மாறினால் நடுவில் நின்று கழற்றிக் கொடுப்பான், அம்பயர் கத்துவார். திரையில் கலைவாணனின் கை வெறுங்கை. கிளவுஸ் மண்ணாங்கட்டியின் கையில்.

இத்தனை ஜனத்தில் அதைப் பார்க்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். ஒருவன் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தான்.

"அந்த பார்ட்னர் இங்கதான் இருக்காரு!" என்று கலைவாணன் கையை நீட்டினான். யார் யாரோ கைத்தாங்கலாக மேலே ஏற்றினார்கள். சரிகைச் சால்வை தோளில் விழுந்தது.

"ஏண்டா, வாந்தி எடுத்தது யாருடா?" மண்ணாங்கட்டி அவன் காதருகே கேட்டார்.

கலைவாணன் போன்களுக்குப் பல்லைக் காட்டிக்கொண்டே சொன்னான்: "எத்தினி வருஷமா எத்தினி மேடையில சொல்லிட்டேன். எனக்கே இப்ப அப்பிடித்தான் ஞாபகம் இருக்குது, மண்ணு. சத்தியமா."

"பின்னால திரும்பிப் பாரு. கிளவுஸு யாரு கையில?"

கலைவாணன் திரும்பினான். திரையில் சிமென்ட் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. "எந்த கிளவுஸு?" என்றான். பொய் சொல்கிற மூஞ்சியாகவும் இல்லை, நிஜமாக மறந்தவன் மூஞ்சியாகவும் இல்லை. மண்ணாங்கட்டி சால்வையை எடுத்து அவன் தோளிலேயே போட்டுவிட்டு இறங்கினார். அதையும் படம் பிடித்தார்கள்.

வாசலில் அதே படங்கள் ஓடுகிற இன்னொரு திரை, வேன்மேல் ஏற்றி ரோட்டைப் பார்க்க வைத்திருந்தார்கள். செல்வாம்பாள் மூச்சு வாங்கப் பின்னாலேயே வந்தாள்.

"நில்லுய்யா. அப்பிடி இன்னாதான் ஆச்சு?"

"அந்த போட்டோவுல கிளவுஸு எங்கையில இருக்குது. போட்டவன்தான் மொத பந்து வாங்குவான்."

"நான் கவனிக்கலய்யா. அது திருப்பி வரும், பாத்துடறேன்."

"நீயும்தான சிரிச்ச."

"எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சிட்டேன். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும், போ."

அவள் சொன்ன தினுசு அவருக்குப் பிடிக்கவில்லை. காய்ச்சல்காரனுக்குச் சொல்வதைப்போல இருந்தது. அவர் கருவடிக்குப்பம் பஸ்ஸைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

"இப்ப வந்துடும், நில்லேன்யா!"

நகைக்கடை விளம்பரம் முடிந்து வேறு ஏதோ படம் வந்தது. ரோடு மஞ்சளிலிருந்து சட்டென்று கறுப்பு வெள்ளையாக மாறியது. அந்த வெளிச்சம் சலவைச் சட்டையின் முதுகில் விழுவது தெரிந்தும், மண்ணாங்கட்டி திரும்பாமல் நடந்தார்.