இரண்டாம் இயந்திரத்தின் மஞ்சள் சீட்டு

1

இதை நானாக எழுத உட்காரவில்லை. எழுதச் சொன்னார்கள்.

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவு உதவியாளன் நான். திங்கட்கிழமை புதிதாகச் சேரும் பதினெட்டுப் பேருக்கு வகுப்பு. "ஒரு பக்கத்துக்குக் கதை மாதிரி எழுதிக் குடு. மனசுல தைக்கணும். கடைசியில ஒரு பாடம்," என்றார் மேலாளர். பிறகு மேசையில் இல்லாத தூசியைத் தட்டிவிட்டு, "உன்னால முடியும்னா," என்றார்.

கதையில் இறப்பவள் என் மனைவி.

2

முதல் தொடக்கம்: "அன்றும் வழக்கம்போலத்தான் பொழுது விடிந்தது." அடித்துவிட்டேன். எல்லா விபத்துக் கதைகளும் இப்படித்தான் விடிகின்றன.

இரண்டாவது: "சிரித்த முகத்தோடு அவள்" (இல்லை. ஆறு மணி ஷிப்டுக்கு அவள் ஒருநாளும் சிரித்த முகத்தோடு கிளம்பியதில்லை.)

மூன்றாவது: "இரண்டாம் இயந்திரத்தில் ஒரு காந்தம் இருந்தது." இது நிற்கும்.

அட்டையை மடிக்கும் இயந்திரம் அது. பக்கக் கதவைத் திறந்தால் உருளைகள் நின்றுவிட வேண்டும். ஆனால் ஒரு ஷிப்டில் இருபது தடவை அட்டை சிக்கும். இருபது தடவையும் நிறுத்தி ஓட்டினால் அன்றைய கணக்கு தேறாது. கதவின் சுவிட்ச் மேல் ஒரு காந்தத்தை ஒட்டினால் போதும், கதவு மூடியிருப்பதாக இயந்திரம் நம்பிவிடும். உருளை ஓட ஓடக் கையை விட்டுச் சிக்கலை எடுக்கலாம்.

அந்தக் காந்தத்துக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர். ஒரு வேலையும் செய்யாமல் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதால். தணிக்கைக்கு ஆள் வரும் நாளில், "மாப்பிள்ளை ஊருக்குப் போயிருக்காரு," என்று வரிசை நெடுகக் குரல் போகும்.*

* நானும் சிரித்திருக்கிறேன். பாதுகாப்புப் பிரிவுக்காரன் சிரித்தால் அதற்கு அனுமதி என்று அர்த்தம். இதை அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவனே நான்தான்.

3

மேலாளருக்கு ஒரு குற்றவாளி வேண்டும். "அந்தம்மாவோட அலட்சியம் தெளிவா வரணும்பா," என்றார். அந்தம்மா என்றால் கண்ணாடி அக்கா. இரண்டாம் இயந்திரத்தை ஓட்டுபவர். என் மனைவி அதே இயந்திரத்தில் அவருக்கு உதவியாள். இப்போது வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை விசாரணை.

இந்தப் பாத்திரம் எனக்குப் பிடிபடவில்லை. கெட்டவராக எழுதிப் பார்த்தேன், காகிதத்தில் ஒட்டவில்லை. போன ஞாயிறு வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கொடியில் கிடந்த என் மனைவியின் துண்டைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"தம்பி, காந்தத்த வச்சது நான்தான்."

"எல்லாரும் தினமும் வச்சதுதானேக்கா."

"அன்னைக்கு வச்சது நான். கேட்டா மறைக்க மாட்டேன்."

"மத்தவங்க என்ன சொல்றாங்க?"

"என்னத்தச் சொல்லுவாங்க? மாப்பிள்ளையா, யாருன்னே தெரியாதுன்னுட்டாங்க." சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "நீ சாப்பிட்டியாப்பா?"

சாப்பிட்டேன் என்றேன். அது பொய். அதைவிடப் பெரியது ஒன்றும் அப்போது என் மேசை இழுப்பறையில் இருந்தது.

4

(இந்தப் பகுதியை மேலாளரிடம் இன்னும் காட்டவில்லை.)

வாசலில் ஒரு பலகை உண்டு. 'விபத்தில்லாத நாட்கள்'. தினமும் காலையில் எண்ணை மாற்றுவது என் வேலை. ஐநூறாவது நாள் விழா. தலைமை அலுவலகத்தார் வருவதாக ஏற்பாடு.

நானூற்றுத் தொண்ணூற்றேழாவது நாள் மதியம், என் மனைவி மஞ்சள் சீட்டோடு என் மேசைக்கு வந்தாள். அடிபடவில்லை, ஆனால் பட்டிருக்கும் என்றால் எழுதித் தரும் சீட்டு அது. உருளை அவள் கையுறையை இழுத்துவிட்டது. கை வெளியே வந்தது. கையுறை வரவில்லை.

"ஆபீசர் சார், மனு."

"கை?"

"இருக்கு. பத்து விரல். எண்ணிக்கோ."

படித்தேன். "ஒரு கட்டம் காலியா இருக்கே."

கட்டத்தின் தலைப்பு: தவறு செய்தவர் பெயர்.

"அக்கா பேரை எழுத மாட்டேன். இன்னைக்கு அவங்க வச்சாங்க. நேத்து நான் வச்சேன். வேணும்னா காந்தம்னு போட்டுக்கோ."

"பேர் இல்லாம வாங்க முடியாது. விதி."

"எந்த விதி? அந்தக் கட்டத்தைப் போட்டதே நீதானே?"

உண்மை. படிவத்தை வடிவமைத்தது நான். சீட்டை வாங்கினால் பலகை எண் மாறாது. ஆனால் இயந்திரத்தை நிறுத்த வேண்டும், விழாவில் கேள்வி வரும்.

"மூணு நாள் பொறு. ஐநூறு முடியட்டும். நானே வந்து காந்தத்தப் பிடுங்கிடுறேன்."

சீட்டை நாலாக மடித்து என் சட்டைப் பையில் செருகினாள்.

"சரிங்க, மாப்பிள்ளை."

நானூற்றுத் தொண்ணூற்றொன்பதாவது நாள், பத்து நாற்பதுக்கு அட்டை சிக்கியது. கதவு திறந்திருந்தது. அவள் கையை

(இந்த வாக்கியத்தை ஏழு முறை தொடங்கினேன். இருக்கட்டும்.)

5

மூன்று வாரம் கழித்து வேலைக்குப் போனேன். பலகையில் 499 அப்படியே இருந்தது.

"அது உங்க வேலைன்னு யாரும் தொடலை தம்பி," என்றார் காவலாளி.

முக்காலி போட்டு ஏறினேன். மூன்று தகடுகளைக் கழற்றி, ஒரு பூஜ்யத்தை மாட்டினேன். இறங்கும்போது காவலாளி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த 499 நாட்களில் எங்களுக்கு வந்த மஞ்சள் சீட்டுகள் மூன்று. ஆண்டறிக்கையில் அதைச் சாதனையாக எழுதியவன் நான். நூற்றிருபது பேர், முப்பது இயந்திரங்கள், மூன்று சீட்டு. தப்பித்தவர்கள் எல்லாம் எங்கே போனார்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். அவர்கள் அந்தக் கட்டம் வரை வந்து பேனாவை மூடிவிட்டுப் போனார்கள். என்ன நடந்தது என்று கேட்பதற்கு முன்னால் யார் செய்தது என்று கேட்டேன். அதற்கு அவர்கள் தந்த பதில் மௌனம். அதை நான் பாதுகாப்பு என்று எண்ணிப் பலகையில் ஏற்றினேன்.

(வகுப்புக்கான பாடம் இதுதான். கதை இல்லாமலே சொல்லலாம். சொன்னால் யாரும் கேட்பதில்லை. வேறு பாடங்களை அப்படிப் பல முறை சொல்லியிருக்கிறேன்.)

6

முடிவு ஒன்று: கண்ணாடி அக்காவின் அலட்சியம். பதினெட்டுத் தலைகள் ஆடும். செவ்வாயன்று அக்காவின் வேலை போகும். புதன்கிழமை வேறொரு காந்தம் வரும்.

முடிவு இரண்டு: காலிக் கட்டத்தில் என் பெயரை எழுதுகிறேன். இதுவும் வசதிதான். ஒரு பெயர் கிடைத்துவிட்டால் எல்லோராலும் மூச்சு விட முடியும். கட்டம் மட்டும் படிவத்தில் அப்படியே இருக்கும்.

முடிவு மூன்று: கை வெளியே வருகிறது. கையுறை வரவில்லை. "பத்து விரல். எண்ணிக்கோ." எண்ணுகிறேன்.

(மூன்றாவதை இரண்டு பக்கம் எழுதினேன். கிழிக்கவில்லை. வகுப்புக்கு ஆகாது.)

7

மேசையில் இப்போது இந்தக் கதையின் இரண்டு பிரதிகள். ஒன்றில் மூன்றாம் பகுதிக்குப் பிறகு நேராக ஐந்து. இன்னொன்றில் எல்லாம் இருக்கிறது. மஞ்சள் சீட்டையும் அதோடு குத்தி வைத்திருக்கிறேன். மடிப்புகள் இன்னும் போகவில்லை. கட்டம் காலி.

வகுப்புக்கு எதை எடுத்துப் போவேன் என்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் நிம்மதியாக மூடி வைத்துவிடுவீர்கள்.

நான்காம் பகுதியைப் படித்துவிட்டீர்கள். அன்று மதியம் அவள் சொன்னபோது எனக்குத் தெரிந்திருந்தது எவ்வளவோ, அவ்வளவு இப்போது உங்களுக்கும் தெரியும்.

அக்காவின் விசாரணை செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு. மாடியில் இரண்டாவது அறை. கதவு திறந்துதான் இருக்கும்.