தங்கைக்குத் தெரியாத ஏழு பல்லிகள்

மலைத்தொடரின் ஏழு புதிய பல்லியினங்களைப் பற்றிய கட்டுரை ஆய்விதழில் வெளிவந்த செவ்வாய்க்கிழமை முதல், அதை எழுதிய தங்கைக்கு அந்த ஏழு பல்லிகளும் கண்ணுக்குத் தெரியாமல் போயின. மற்றதெல்லாம் தெரிந்தது. சுவரில் ஓடும் சாதாரணப் பல்லி தெரிந்தது, ஊசியில் நூல் கோக்க முடிந்தது. கண் மருத்துவர் பலகையின் கடைசி வரியையும் அதற்குக் கீழே இருந்த அச்சக முகவரியையும் வாசிக்கவைத்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அருங்காட்சியகப் புட்டிகளில் மட்டும் அவளுக்கு வெறும் ஸ்பிரிட்டும், எந்தக் காலிலும் கட்டப்படாமல் மிதக்கும் எண் சீட்டும்தான் இருந்தன.

பல்லிகளைக் கண்டுபிடித்தவள் அக்கா. அருங்காட்சியகத்தில் அவளைச் 'செதில்' என்றுதான் கூப்பிடுவார்கள். நுண்ணோக்கியில் கண் வைத்தால், முதுகுச் செதில்களை ஒன்று விடாமல் எண்ணி முடிக்கும்வரை தேநீருக்குக்கூட எழுந்திருக்க மாட்டாள். ஒன்பது வருடம், மழைக்காலம் போக மீதி நாளெல்லாம் மலையிலேயே கிடந்து, இந்தக் குன்றின் பல்லி வேறு, பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கத்துப் பல்லி வேறு, தொடையின் அடிப்பக்கத்தில் வரிசையாக இருக்கும் துளைகளின் எண்ணிக்கையே ஒத்துப்போகவில்லை என்று முதலில் சொன்னது அவள்தான். இரண்டு முறை பாறையிலிருந்து விழுந்தாள்; இடது மணிக்கட்டு கோணலாகத்தான் கூடியது. தங்கைக்கு உயரம் என்றால் தலைசுற்றும், ஆனால் எழுத்து தண்ணீர் பட்ட பாடு. அதனால் அக்கா நோட்டுகளை அவளிடம் கொடுத்து, இரண்டு பேர் பெயரும் போட்டு அனுப்பு என்றாள். அச்சில் ஒரு பெயர்தான் இருந்தது. கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், களத்தில் உதவியவர்களுக்கு நன்றி என்று ஒரு வரி.

"ஒரு பேருதானேக்கா? அருங்காட்சியகத்துல வேலை நிரந்தரமாகட்டும், அடுத்த கட்டுரையில உன் பேரை முதல்ல போடறேன்."

"ஏழாவது பல்லிய எந்தக் கையால பிடிச்சேன், சொல்லு," என்றாள் அக்கா. தங்கைக்குத் தெரியவில்லை. பிறகு நான்கு மாதம் அந்த வீட்டில் பேச்சே இல்லை.

மாதிரிகளைச் சரிபார்க்க வெளிநாட்டு நிபுணர்கள் மூன்று பேர் வருவதாகக் கடிதம் வந்தபோது, தங்கை அக்காவின் அறை வாசலில் நின்று அழுதாள். புட்டியெல்லாம் காலியா இருக்குக்கா, தலை எது வால் எதுன்னு நீதான் காட்டணும் என்றாள். அக்கா போனாள். ஏன் போனாய் என்று பின்னால் பலர் கேட்டார்கள். பல்லிகளைத் தப்பாகச் சொல்லித் தொலைப்பாளோ என்ற பயம்தான் என்றாள். ஏழு புட்டிகளையும் திறந்து, ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்து, நோட்டைப் பாராமல் துளைகளின் எண்ணிக்கையைச் சொன்னாள். நிபுணர்களில் மூத்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இவர் யார் என்று தங்கையிடம் கேட்டார்.

"புட்டி கழுவ வர்றவங்க," என்றாள் தங்கை.

தங்கை திரும்பிப் பார்த்தபோது இடுக்கி தானாகத் தட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. பல்லிகளோடு அக்காவும் அவள் கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்தாள்.

இது நடந்து பதினோரு வருடம் ஆகிறது. தங்கைக்கு வேலை நிரந்தரமானது. அக்கா தெற்குச் சரிவில் எட்டாவது இனத்தைக் கண்டுபிடித்து, திக்கித் திணறித் தானே எழுதி வெளியிட்டாள். தலைப்புக்குக் கீழே, பெயர் இருக்க வேண்டிய இடத்தில், வெற்றிடம் இருப்பதாகத் தங்கை சொல்கிறாள். பெற்றோர் விட்டுப்போன வீடு என்பதால் இருவரும் இன்னும் சேர்ந்துதான் இருக்கிறார்கள். சாப்பாட்டு மேஜையில் நாற்காலியை இழுக்கும் முன், "இருக்கியாக்கா?" என்று தங்கை கேட்டுக்கொள்வாள். சில நாள் அக்கா "ம்" என்பாள். சில நாள் எதிரிலேயே உட்கார்ந்து, ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு முடித்து, கை கழுவப் போய்விடுவாள்.