பிரேமகுமாரியின் முப்பத்தொன்றாம் நகர்த்தல்

1.

இந்தக் கதை என்னுடையது அல்ல. நெய்யாற்றின்கரையிலிருந்து காட்டாக்கடை போகும் பேருந்தில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரேமகுமாரி டீச்சரிடமிருந்து கிடைத்தது. குன்னத்துகாலில் ஒரு பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். இருபது வருடம் முகம் தெரியாத வேற்றூர்க்காரர்களோடு தபால் அட்டையில் சதுரங்கம் ஆடியவர். கதையைத் தரும்போது ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"எனக்க வீட்டுக்காரரை பொட்டனாக்கி எழுதப்படாது, கேட்டியளா."

முட்டாளாக்காமல் எழுத முயற்சி செய்கிறேன்.

2.

முதல் தொடக்கம்: 'வானம் பொத்துக்கொண்டு கொட்டிய அந்தக் கர்க்கடக மாதத்தில், விதி தன் காய்களை

(நிறுத்திவிட்டேன். மழை பெய்தது உண்மை. விதிக்கு இதில் வேலை இல்லை.)

இரண்டாம் தொடக்கம்: 1999. ஒரு சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. பிரேமகுமாரி கணினியை இயக்கினார்.

இது போதும்.

3.

அட்டைகள் போய் மின்னஞ்சல் வந்திருந்தது. உலகப் போட்டியொன்றின் அரையிறுதி. எதிரில் பின்லாந்துக்காரர் ஒருவர். முப்பத்தொன்றாவது நகர்த்தல் அன்று மாலை ஐந்துக்குள் போய்ச் சேராவிட்டால் நேரம் கடந்து தோல்வி. நான்கு நாள் யோசித்து ஒரு நகர்த்தலைக் கண்டுபிடித்திருந்தார்: ராணியைப் பலி கொடுப்பது. வகுப்பில் பின்னங்கள் நடத்தும்போதும் அதை நினைத்துத் தனக்குள் சிரித்திருக்கிறார்.

மோடம்* விளக்கு எரிந்தது. ஆனால் திரையில் வந்தது ஒரே வரி: தொலைபேசியில் ரீங்காரம் இல்லை.

(*தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினியை வெளியுலகோடு பேசவைக்கும் சிறு பெட்டி. அது கத்தும் கத்தலைக் கேட்டிராத இளையவர்களுக்கு இந்தக் குறிப்பு.)

அணைத்துப் போட்டார். அதே வரி. கூடத்துத் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தார். ரீங்காரம் கணீரென்று கேட்டது. அப்படியானால் வெளிக்கம்பியில் குற்றமில்லை. மணி மூன்றரை.

4.

இங்கே கிருஷ்ணன்குட்டி வருகிறார். கணவர், பாறசாலைச் சந்தையில் வாழைக்குலை வியாபாரம். (இவரை எப்படி எழுதுவது என்பதில்தான் இரண்டு நாள் போனது. முதல் வரைவில் மோடத்தைத் தட்டினார். அந்த வரியை அடித்துவிட்டேன். நிஜத்திலும் தட்டினார் என்பது வேறு விஷயம்.)

எறும்பு புகுந்திருக்கும் என்றார் அவர். எறும்பு இல்லை. கம்பி அறுந்திருக்கும் என்றார். பிரேமகுமாரி வேறு கம்பி மாற்றிப் பார்த்தார்; அதே வரி. நான்கு மணி. நெய்யாற்றின்கரையில் இருக்கும் இணைய மையத்துக்கு ஓடலாமென்றால், இந்த மழையில் ஐந்துக்குள் போய்ச் சேர முடியாது.

பிரேமகுமாரி கையைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்தார். இழந்துகொண்டிருக்கும் ஆட்டத்தில் அவர் செய்வது அதுதான். பிறகு கேட்டார்.

"நேத்து ராத்திரி வேலை செய்துது. இன்னைக்கி காலத்த என்ன மாறிச்சு?"

கிருஷ்ணன்குட்டி கூரையைப் பார்த்தார்.

"ஓடு ஒழுகி இதுக்க மேல சொட்டுச்சு. நீ குளிக்கப் போயிருந்த. நான் எல்லாத்தையும் ஊரி, மேசைய நீக்கிப் போட்டு, திரும்ப மாட்டினேன். நனைஞ்சா உனக்க சதுரங்கக் களி போவுமே."

பிரேமகுமாரி மேசைக்கடியில் தவழ்ந்து போனார். மோடத்தின் முதுகில் ஒரே மாதிரி இரண்டு துளைகள். ஒன்று சுவரிலிருந்து வரும் கம்பிக்கு, மற்றது தொலைபேசிக்கு. இரண்டும் இடம் மாறியிருந்தன. அதனால் தொலைபேசி பேசியது, மோடம் ஊமையானது.

மாற்றிச் செருகினார். மோடம் கூவியது, கனைத்தது, கரகரத்தது. நாலு ஐம்பதுக்கு ராணி பின்லாந்துக்குப் புறப்பட்டாள். அதுவரை கிருஷ்ணன்குட்டி, யாரும் எடுத்துவிடாதபடி, தொலைபேசிமேல் இரண்டு கைகளையும் வைத்து நின்றார். வீட்டில் அவர்கள் இருவரைத் தவிர யாருமில்லை.

5.

மறுநாள் பதில் வந்தது. இரண்டே வரி.

'ராணியை எடுத்துக்கொண்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது.'

பிரேமகுமாரி சிரித்த சிரிப்பில் கிருஷ்ணன்குட்டி அடுக்களையிலிருந்து ஓடிவந்தார். விஷயம் புரியாமலே அவரும் சிரித்தார்.

வென்றதாக ஒரு முடிவு எழுதினேன். தோற்றதாக ஒன்று. சமன் என்று ஒன்றும் உண்டு. அதில் எனக்கே தூக்கம் வந்தது. நடந்தது என்னவென்று டீச்சர் சொல்லித்தான் இறங்கினார், ஆனால் அதை நான் எழுதப்போவதில்லை. பயந்துபோன ஒரு பின்லாந்துக்காரரையும், காரணம் தெரியாமல் சிரிக்கும் ஒரு வாழைக்குலை வியாபாரியையும் தாண்டி இந்தக் கதையை நகர்த்த எனக்கு மனமில்லை. உங்களுக்கு மனமிருந்தால், முப்பத்திரண்டாம் நகர்த்தலிலிருந்து