மூன்று வசனம் தள்ளி

விடியற்காலை நாலரை மணிக்கே தேங்காய் ஆலையில் எங்கள் கத்திகள் ஓடத் தொடங்கிவிடும். ஓடு நீக்கிய தேங்காயை இடது உள்ளங்கையில் உருட்டி, பழுப்புத் தோலை மட்டும் சீவித் தள்ள வேண்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆயிரம் காய். தேங்காய்த் தண்ணீர் பட்டுப்பட்டு விரலிடுக்கெல்லாம் வெந்து கிடக்கும்.

ஆறு மணிக்குக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஜெபத்துக்கு நிற்போம். எந்த வசனம் என்று முதலாளி வில்யமோர் சொல்வார். வாசிப்பவள் நான், அடெலா. வேலைக்காரர்கள் எஜமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற இடம் வந்ததும் விரலை உயர்த்துவார். நிறுத்திவிடுவேன். அதே பக்கத்தில் எஜமான்களுக்கும் எச்சரிக்கை இருக்கிறது. பதினொரு வருடத்தில் ஒருநாளும் அதை வாசிக்க விட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை துருவல் இயந்திரம் ஒலிம்பியாவின் வலது கையில் மூன்று விரல்களைக் கொண்டுபோய்விட்டது. வேலை தாமதமாகிறதென்று, அதன் வாயில் இருந்த இரும்பு மூடியை முந்தின நாள்தான் சூப்பர்வைசர் கழற்றச் சொல்லியிருந்தார். கட்டு காய்வதற்குள் கடிதம் வந்தது: எல்லாம் அவளுடைய கவனக்குறைவு, வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு வேலையை விட்டுப் போக வேண்டும்.

“எந்தக் கையால போடச் சொல்றாங்க?” என்றாள் ஒலிம்பியா.

சூப்பர்வைசர் சொன்னதைக் கேட்டது ஒரே ஆள்: மூடியைக் கழற்றிய ஃபிட்டர் மிலா. ஆணாய்ப் பிறந்து பெண்ணாய் வாழ்கிறவள். போன தவக்காலத்தில் அவளைச் சபையின் பாடகர் குழுவிலிருந்து விரட்டியிருந்தோம். விரட்டியது முதலாளி அல்ல, நாங்கள். ஆண் பெண்ணுடை உடுத்தக் கூடாது என்ற வேதத்தின் உபாகமப் புத்தக வசனத்தை அவள் முகத்துக்கு நேரே வாசித்தது என் வாய்தான்.

வியாழன் மாலை நாலு பேர் அவள் வீட்டுக்குப் போனோம். வாசலில் மீன் அலசிக்கொண்டிருந்தாள்.

“வாங்கக்கா. வேதப் புஸ்தகம் கொண்டாந்திருக்கீங்களா, இல்ல இன்னைக்கு வெறும் வாய்தானா?”

“மிலா, நாளைக்கு நீ உண்மையச் சொல்லணும். இல்லன்னா ஒலிம்பியா தெருவுல நிப்பா.”

“சொன்னா நான் நிப்பேன். அப்ப யாரு வருவீங்க? பாட்டுக்கு ஆகாதவ சாட்சிக்கு மட்டும் ஆவேனா?”

அவள் கையைக் கழுவிவிட்டு உள்ளே போய்த் தன் வேதத்தை எடுத்து வந்தாள்.

“அன்னைக்கு வந்து அந்த அதிகாரத்த முழுசாப் படிச்சேன். நீங்க நிறுத்தின எடத்துலருந்து மூணு வசனம் தள்ளிப் பாருங்க.”

பார்த்தேன். புது வீடு கட்டினால் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் வைக்க வேண்டும். வைக்காமல் யாராவது விழுந்தால் ரத்தப்பழி அந்த வீட்டின்மேல்.

“மூடியக் கழட்டறப்ப எனக்கு இதுதான் ஞாபகம் வந்துச்சு. ஆனா வாயத் தொறக்கல. அந்தப் பாவம் என்னுது,” என்றாள் மிலா. பிறகு என் சட்டையைப் பார்த்தாள். “இன்னுங்கொஞ்சம் கீழ, ரெண்டு நூல் கலந்த துணி உடுத்தாதன்னும் இருக்கு. அக்கா போட்டிருக்கறது என்ன துணி?”

முதலாளியின் விரலை இத்தனை வருடம் மனதுக்குள் திட்டியவள் நான். எனக்கும் அதே விரல் இருந்திருக்கிறது. வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

“தப்புப் பண்ணிட்டேன் மிலா.”

“அத ஜெபத்துல சொல்லுங்க. ஊரே கேட்டுச்சு அன்னைக்கு.”

மறுநாள் ஆறு மணிக்கு முதலாளி வசனத்தைச் சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

“ஐயா, இன்னைக்கு மிலா வாசிப்பா.”

“அவனா? அவனப் பத்தி வேதத்துல என்ன எழுதியிருக்குன்னு தெரியாதா ஒனக்கு?”

“தெரியும். அத அவளுக்கு வாசிச்சவளே நான்தான். ஒரு வசனத்தோட மூடி வச்சது என் தப்பு. எல்லார் முன்னாடியும் சொல்றேன்.”

மிலா புத்தகத்தை வாங்கினாள். கைப்பிடிச் சுவரிலிருந்து தொடங்குவாள் என்று நினைத்தேன். அவள் தொடங்கியது தன்னை விரட்டிய வசனத்திலிருந்து. ஒரு சொல்லையும் விடவில்லை. முதலாளியின் விரல் உயர்ந்தது. அவள் பார்க்கவே இல்லை. ரத்தப்பழி வரைக்கும் வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“திங்கக்கெழம சாயங்காலம் மூடியக் கழட்டச் சொன்னது சூப்பர்வைசர். கழட்டினது என் கை.”

“நீ இப்பவே வெளிய போ. மத்தவங்க வேலையப் பாருங்க,” என்றார் முதலாளி.

நூற்றுநாற்பது பேர். ஒருவரும் கத்தியை எடுக்கவில்லை. அன்று என்னவெல்லாம் வரும் என்று எங்களுக்குத் தெரியும், போலீசும் வரலாம். பயமாகத்தான் இருந்தது. கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒலிம்பியா கூட்டத்தை விலக்கி வந்து மிலாவின் பக்கத்தில் நின்றாள்.

“படி மிலா,” என்றாள். “அதிகாரம் இன்னும் முடியல.”