கேரியர் இல்லாத சைக்கிள்

எனக்கு அந்த ரேஸ் சைக்கிளைக் கண்டாலே ஆவாது. சிவப்புக் கலரு, கெடாக் கொம்பாட்டம் வளைஞ்ச ஹேண்டில் பாரு, ஒல்லி டயரு. திண்டிவனத்துல சீனுவாசன் முதலாளி அதைத் தன்னோட சைக்கிள் கடை வாசல்ல கயித்துல கட்டித் தொங்க வுட்டிருந்தாரு. காணும் பொங்கல் அன்னிக்கு விழுப்புரத்துலேர்ந்து திண்டிவனம் வரைக்கும் ரேஸு, மொதல்ல வர்றவனுக்கு அதான் பரிசுன்னு போர்டு. எண்பத்து நாலாம் வருசப் பொங்கலுக்கு மூணு மாசம் இருந்துச்சு.

எங்க வூட்டுக்காரரு விழுப்புரத்துல மல்லாட்டை மண்டியில, அதான் வேர்க்கடலை மண்டியில, மூட்டை தூக்கறவரு. அந்த சைக்கிளைப் பார்த்த நாள்லேர்ந்து மனுசன் உப்பு இருக்குதா இல்லியான்னு தெரியாம சோறு துன்னாரு. தூக்கத்துல கூட காலு மிதிச்சுக்கினு கெடந்துச்சு.

"அதுல கேரியர் எங்கங்க கீது?"ன்னு ஒரு நாளு கேட்டேன்.

"ரேஸ் சைக்கிளுக்குக் கேரியர் வெக்க மாட்டாங்க அம்சா."

"அப்ப நான் எங்க குந்தறது? செண்பகம் எங்க குந்தும்?"

"அது பறக்கற வண்டிடீ."

பறக்கட்டும். பறக்கறவருக்குப் பொண்டாட்டி புள்ள எதுக்கு? எனக்கு வயிறு எரிஞ்சுது.

சிரிக்காதீங்க. எங்க குடும்பம் நடந்ததே எங்க பழைய சைக்கிள் மேலதான். மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை அதுல திண்டிவனத்துக்கு எங்க அம்மா வூட்டுக்குப் போவோம். முன்னாடி பார்ல துண்டைச் சுத்தி செண்பகம் குந்தும். நாலு வயசு, பெல்லு அடிக்கறது அதோட வேலை. பின்னாடி கேரியர்ல நானு. வூட்டுல அவரு கட்டையாட்டம் வுழுந்து தூங்கிடுவாரு, ஒரு வார்த்தை பேச முடியாது. அதனால என் வாய்ல இருக்கறதெல்லாம் வழி நெடுக அந்த முதுகுக்கிட்டதான் கொட்டுவேன். முதுகு 'ம்'னு சொல்லும். எனக்கு அது போதும்.

திண்டிவனத்துக்கு ரெண்டு மைலு முன்னாடி ஒரு ஏரிக்கரை மேடு. அங்க நான் எறங்கிடணும். அவரு எழுந்து நின்னு மிதிச்சு மேல போயி, மைல்கல்லு மேல இடது காலை வெச்சுக்கினு நிப்பாரு. நான் மூச்சு வாங்கிக்கினு வந்து சேந்ததும், கையைப் பின்னால வுட்டு கேரியரை ரெண்டு தட்டு தட்டுவாரு. ஏறுன்னு அர்த்தம். ஆறு வருசமா வாயைத் தொறந்து சொன்னதே இல்ல.

ரேஸுக்குப் பழகறேன்னு வாரா வாரம் எங்களை ஏத்திக்கினு கெளம்ப ஆரம்பிச்சாரு. மண்டியில எடை போடற அப்பாதுரை அண்ணன், "ஒரு தபா தனியா ஓட்டிப் பாருடா"ன்னு தலைபாடா அடிச்சுக்கினாரு. இவரு கேட்டாத்தானே? "பாரத்தோட மிதிச்சாத்தாண்ணே காலு கெட்டிப்படும். ஒத்த ஆளா போறப்போ காத்தாட்டம் போயிடுவேன்"னாரு. அந்த மூணு மாசம் நான் எதைச் சொன்னாலும் 'ம்' வரல. மூச்சை எண்ணிக்கினு மிதிச்சாரு.

ரேஸுக்கு மொத நாளு கேரியரு, மட்கார்டு, ஸ்டாண்டு, பெல்லு எல்லாத்தையும் கழட்டிப் போட்டாரு. பெல்லு போச்சேன்னு செண்பகம் ஒரே அழுகை. நான் கேரியரை முந்தானையால தொடைச்சுப் பரண்ல வெச்சேன். புதுசு வந்துட்டா பழசை வித்துடுவாருன்னு எனக்குத் தெரியும். மயிலத்து முருகா, இந்த மனுசன் ஜெயிக்கக் கூடாதுன்னு வேண்டிக்கினேன். ஆமா, வேண்டிக்கினேன். இன்னா இப்ப?

மறுநாள் செண்பகத்தைத் தூக்கிக்கினு பஸ்ல போயி ஏரிக்கரை மேட்டுலயே எறங்கிட்டேன். மைல்கல்லுக்கு எதுத்தாப்ல, புளியமரத்தடியில, கூட்டத்தோட கூட்டமா நின்னேன். மொதல் ஆளா வந்தாரு! அடுத்தவன் கூப்புடு தூரத்துல வர்றான். எனக்கு வேண்டுதல் எல்லாம் மறந்தே போச்சு. "வாங்க, வாங்க, ஜல்தி!"ன்னு தொண்டை கிழிய கத்தறேன். எழுந்து நின்னு மிதிச்சாரு. மேட்டு உச்சிக்கு வந்தாரு.

வந்து, நின்னுட்டாரு.

இடது காலு மைல்கல்லு மேல. தலையைத் திருப்பி மேட்டுக்குக் கீழ பார்க்கறாரு. "யோவ், செயின் அறுந்துடுச்சா?"ன்னு யாரோ கேட்டாங்க. எனக்கு மட்டும் வெளங்கிடுச்சு. பத்தடி தூரத்துல நான் நிக்கறேன், என்னைப் பார்க்கல. கீழேர்ந்து நடந்து வர்ற என்னைத் தேடறாரு. அப்பறம் கை பின்னால போச்சு. ரெண்டு தட்டு. வெறும் காத்துல.

புருசன் பேரை எங்க பக்கத்துப் பொம்பளைங்க சொல்றதில்ல. ரேஷன் கடையில கூட செண்பகத்தோட அப்பான்னுதான் சொல்லுவேன். அன்னிக்கு நடு ரோட்டுல கத்தினேன்.

"தாண்டவராயா! நான் இங்க கீறேன்யா! நீ போய்யா!"

தூக்கி வாரிப் போட்டவராட்டம் திரும்பினாரு. என்னைப் பார்த்தாரு, தன் கையைப் பார்த்தாரு. அதுக்குள்ள மூணு பேரு தாண்டிப் போயிட்டானுங்க.

திண்டிவனத்துக்கு நான் நடந்து போயி சேந்தப்ப, நாலாவதா வந்தவருக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் குடுத்தாங்க.

செண்பகம் என் தோள்ல தூங்க, சைக்கிளைத் தள்ளிக்கினு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தாரு. "ஏங்க நின்னீங்க?"ன்னு கேட்டேன்.

"தெர்ல அம்சா. வழி நெடுகப் பின்னாடி லேசா இருந்துச்சு, புடிக்கவே இல்ல. மேட்டுக்கு வந்ததும் நீ எறங்கி நடந்து வர்றேன்னு நெனைச்சுக்கினேன் போல."

பாவி, நான் என்ன வேண்டுதல் வேண்டிட்டேன்!

அடுத்த ஞாயித்துக்கிழமை பரண்லேர்ந்து கேரியரை அவரே எறக்கி மாட்டினாரு, செண்பகத்தோட பெல்லையும் மாட்டினாரு. ஏரிக்கரை மேட்டுல எறங்கினேன், நடந்தேன், வந்து சேந்தேன். ரெண்டு தட்டு தட்டினாரு. ஏறிக் குந்திக்கினு அந்த முதுகுக்கிட்ட சொன்னேன்.

"நீங்க தோக்கணும்னு வேண்டிக்கினவ நான்தாங்க."

மிதிச்ச காலு சித்த நேரம் அப்படியே நின்னுது. செண்பகம் பெல்லை அடிச்சுது. அப்பறம் முதுகு சொல்லிச்சு.

"ம்."