ரீத்தாவின் கால் கிலோ ஈரல்

தலைக் கிறிஸ்துமஸ் என்றால் பெண் வீட்டில்தான். இதில் யோசிப்பதற்கு என்ன இருக்கிறது? கல்யாணமான முதல் பண்டிகைக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் பெண்ணைப் பெற்றவர்கள் வீட்டுக்கு வருவார்கள், மாமியார் கையால் கறிச்சோறு சாப்பிடுவார்கள், புதுத்துணி வாங்கிக்கொண்டு போவார்கள். கச்சிராயபாளையத்தில் இந்துக்களுக்குத் தலைத் தீபாவளி, கிறிஸ்தவர்களுக்குத் தலைக் கிறிஸ்துமஸ், வித்தியாசம் அவ்வளவுதான். இது தெரியாத ஒரே மனுஷி உலகத்தில் தன் சம்பந்தியம்மாதான் என்று ரீத்தா நினைத்தாள்.

சம்பந்தியம்மா மெட்ராஸிலிருந்து போனில் எவ்வளவு இனிப்பாகப் பேசினாள்!

“புள்ளைங்களுக்கு லீவே ரெண்டு நாள்தான். அவ்ளோ தூரம் அலையணுமா? நீங்க ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க. கேட்டரிங் சொல்லியாச்சு. சும்மா வந்து ஒக்காந்து சாப்ட்டா போதும்.”

கேட்டரிங்! ரீத்தா பெற்று வளர்த்துக் கட்டிக்கொடுத்த பெண்ணின் தலைப்பண்டிகைக்கு எவனோ ஒருவன் வேனில் கொண்டுவந்து இறக்குகிற பிரியாணி. அதை ரீத்தா விருந்தாளியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவளுக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. அதைவிடப் பெரிய கொடுமை அடுத்து நடந்தது. அவள் புருஷன் சவரியப்பன் தலையாட்டிவிட்டார்.

“எங்க சாப்ட்டா இன்னா ரீத்தா? பொண்ணு அனிட்டாவ பாத்தா போதாதா?”

“நீங்க போங்க. தலைப்பண்டிகைக்கு சம்பந்தி வூட்டுல போயி தட்டு ஏந்த என்னால ஆவாது.”

‘நீங்க போங்க’ என்று சொன்னால் போகக் கூடாது என்று அர்த்தம். இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய மனிதருக்கு இதுகூடவா தெரியாது? இருபத்துநாலாம் தேதி விடிகாலையில் மாப்பிள்ளை கார் அனுப்பினான். கரும்பு வெட்டு நடக்கிற சமயம், சவரியப்பனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது. உட்கார முடியாமல் பின்சீட்டில் நீட்டிப் படுத்தார். கோமுகி அணைப் பக்கத்திலிருந்து மார்கழிப் பனி இறங்கிக்கொண்டிருந்ததால் போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டார். கார் கிளம்பிவிட்டது. நிஜமாகவே போய்விட்டார். ரீத்தா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆத்திரத்தில் அவளுக்கு அழுகை வரும். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

செல்போனையும் அணைத்துப் போட்டாள். அனிட்டா கூப்பிடுவாள், சம்பந்தி கூப்பிடுவாள், புருஷன் கூப்பிட்டுச் சமாதானம் சொல்லுவார். ஒருத்தர் குரலும் வேண்டாம். வருஷா வருஷம் வாசலில் கட்டுகிற காகித நட்சத்திரம் பரண்மேலேயே கிடந்தது. மாப்பிள்ளை வராத வீட்டுக்கு நட்சத்திரம் ஒரு கேடா? அதிரசத்துக்கு அரிசி ஊறவைக்கவில்லை, முறுக்குக்கு மாவு அரைக்கவில்லை. தீபாவளிக்குத் தெருவிலிருந்து பலகாரத் தட்டு வந்தால் கிறிஸ்துமஸுக்குத் திருப்பித் தட்டு அனுப்ப வேண்டும். எதிர்வீட்டுச் செந்தமிழ்ச்செல்வியின் எவர்சில்வர் தட்டுகூடச் சமையலறை அலமாரியில்தான் காத்திருந்தது. காத்திருக்கட்டும். இந்த வருஷம் யாருக்கும் கிடையாது.

சாயங்காலம் கட்டிலில் படுத்தபடி மறுநாளைக்கு என்ன சமைப்பது என்று யோசித்தாள். பள்ளிக்கூடத்தில் அவள் சத்துணவு அமைப்பாளர். எண்பது பிள்ளைகளுக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள். தனக்கு மட்டும் எவ்வளவு அரிசி என்று இதுவரை அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. அதை நினைக்கையில் இன்னொரு முறை கோபம் வந்தது.

கிறிஸ்துமஸ் என்றால் இந்த வீட்டில் மூன்று கிலோ கறி. முதல்நாள் ராத்திரியே பலகார வேலை, காலையில் இட்லிக்குக் குழம்பு, மத்தியானம் பிரியாணி, வறுவல், வந்தவர்களுக்கெல்லாம் இலை. கறியோடு வருகிற ஈரல் முதலில் வறுபடும். உப்புப் பார்க்கிறேன் என்று சவரியப்பன் அடுப்பு ஓரத்தில் தட்டோடு வந்து நிற்பார். உப்புப் பார்க்க இத்தனை துண்டா என்று யாரும் கேட்டதில்லை. மிச்சம் அனிட்டாவுக்கு, அதற்கும் மிச்சம் இருந்தால் விருந்தாளிக்கு. ரீத்தாவுக்குக் கிடைத்ததெல்லாம் சட்டியில் சோற்றைப் போட்டுத் துடைத்துத் தின்கிற மசாலாதான். அவளுக்கு ஈரல் பிடிக்கும் என்பதே அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

முடிவு பண்ணிவிட்டாள். மிளகு தூக்கலாகப் போட்டு ஈரல் வறுவல். சுடுசோறு. ஒரு ரசம். பேக்கரியில் ஒரு துண்டு பிளம் கேக். அரை மணி நேரத்தில் அடுப்பை அணைத்துவிட்டு, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட வேண்டும். முதல் துண்டும் அவளுக்கு, கடைசித் துண்டும் அவளுக்கு.

காலையில் எட்டு மணிப் பூசைக்குப் போனாள். தலைப்பண்டிகைக்கென்று எடுத்த அரக்குப் பட்டைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, துவைத்துத் துவைத்து வெளுத்த பழைய புடவையைக் கட்டி, முக்காடு போட்டுக்கொண்டு நடந்தாள். எதிர்வீட்டு வாசலில் நின்ற செல்வி இவளைக் கண்டதும் விருட்டென்று உள்ளே போய்விட்டாள். அவளுக்கு என்ன வந்தது என்று ரீத்தாவுக்குப் புரியவில்லை. தட்டு வராத கோபமாயிருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

திரும்பி வருகையில் பஸ் ஸ்டாண்டு ஓரம் சடையன் கறிக்கடையில் நின்றாள்.

“ஈரல் கால் கிலோ போடு.”

“கறி எவ்ளோக்கா?”

“கறி வேணாம். ஈரல் மட்டும்.”

சடையன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தான். “பண்டிகை நாளும் அதுவுமா தனியா ஈரல் குடுத்தா எனக்குக் கட்டுப்படி ஆவுமா? ஒரு கிலோ கறி எடு, நூறு கிராம் ஈரல் சேத்துப் போடறேன். அதான் கடை வழக்கம்.”

“வழக்கமா? வருஷா வருஷம் மூணு கிலோ எடுத்துக்கினு போனேனே, அப்போ ஒரு துண்டு ஈரல் ஜாஸ்தியா போட்டியா? எலும்பதான் ஜாஸ்தியா போட்ட. ஒத்த பொம்பள தனக்குன்னு வாங்க வந்தா மட்டும் ஒனக்கு வழக்கம் ஞாபகம் வருதா?”

பின்னால் நின்ற கூட்டம் சிரித்தது. சடையன் முணுமுணுத்துக்கொண்டே ஈரலை வெட்டி வாழையிலையில் கட்டினான். ரீத்தா அதை வெற்றியோடு பையில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

வீட்டில் இரும்புச் சட்டி காய்ந்தது. சின்ன வெங்காயம் வதங்கியது, சோம்பும் மிளகும் பொடித்துப் போட்டாள், ஈரல் நிறம் மாறியது, கறிவேப்பிலை படபடத்தது. வாசனை வீடு முழுக்க நிறைந்தது. நேற்றிலிருந்து முதல் தடவையாக அவளுக்குக் கோபம் கொஞ்சம் தணிந்தது. தட்டை எடுத்து வைத்தாள். அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டும் சத்தம் கேட்டது.

திறந்தால் செல்வி நின்றாள். அழுது வீங்கிய முகம், தலையில் பெரிய சோற்றுக் குண்டான். பின்னால் அவள் புருஷன் வெங்கடேசன் தோளில் துண்டும் கையில் சாம்பார் வாளியுமாகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

“வாங்க, வாங்க!” என்றாள் ரீத்தா.

இரண்டு பேரும் திடுக்கிட்டுப்போனார்கள். சாவு வீட்டில் யாரும் யாரையும் வா என்று கூப்பிடுவதில்லை. பேசாமல் உள்ளே வந்து குண்டானை இறக்கிவைத்த செல்வி, ரீத்தாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள். பாதியில் அழுகை நின்றது. மூக்கை உறிஞ்சினாள். இன்னொரு தடவை உறிஞ்சினாள்.

“அக்கா… ஈரலா வறுக்கற?”

“ஆமா. அதுக்கு ஏன் அழுவற?”

“அண்ணன் தவறி ஒரு நாள் ஆவல, நீ கறி வறுக்கறியேக்கா!”

ரீத்தாவுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. எந்த அண்ணன்? விளங்கியபோது அடிவயிற்றிலிருந்து கோபம் கிளம்பியது.

“யார்டி சொன்னது அவரு செத்துட்டாருன்னு?”

யாரும் சொல்லவில்லை. மாட்டுக்குத் தண்ணி காட்ட எழுந்த செல்வி முந்தின நாள் விடிகாலையில் கண்ணால் பார்த்தாள். அண்ணனைப் போர்த்திப் படுக்கவைத்துக் கார் போகிறது, அக்கா முந்தானையைக் கண்ணில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோகிறார்கள் என்று நினைத்தாள். போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். ராத்திரி வாசலைப் பார்த்தால் நட்சத்திரம் இல்லை. பலகாரம் சுடுகிற வாசனை இல்லை, தட்டு வரவில்லை. காலையில் வெளுத்த புடவையில் முக்காட்டோடு கோயிலுக்குப் போகிறாள். சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷம் பண்டிகை கிடையாது, அடுப்பும் எரியக் கூடாது. இதற்கு மேல் யார் சொல்ல வேண்டும்?

“கேக்க வாய் வரலக்கா. அதான் சோறு ஆக்கி எடுத்துக்கினு வந்துட்டோம்.”

“அவரு மெட்ராஸ்ல சம்பந்தி வூட்டுல ஒக்காந்து பிரியாணி துன்னுக்கினு இருக்காரு!” என்று ரீத்தா கத்தினாள். “உசுரோட இருக்கற மனுசன ரெண்டு பேரும் சேந்து சாவடிச்சிட்டு சாம்பாரும் எடுத்துக்கினு வந்துட்டீங்களா?”

வெங்கடேசன் சுவரைப் பார்த்தார். ரீத்தாவுக்கு நிறுத்த முடியவில்லை. நேற்றிலிருந்து அடக்கியதெல்லாம் சேர்ந்து வந்தது.

“செத்தாதான் சோறு கொண்டாருவீங்களா? நேத்துல இருந்து கதவ சாத்திக்கினு ஒண்டியா கெடக்கறேன். உசுரோட இருக்கறவள ‘சாப்ட்டியாக்கா’ன்னு கேக்க இந்தத் தெருவுல ஒரு நாதி இல்ல. எழவுன்னா மட்டும் குண்டான் குண்டானா வருது!”

செல்வி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மெதுவாகத்தான் பேசினாள்.

“நீ எப்பவும் எங்களுக்குக் குடுக்கறவக்கா. ஒனக்குன்னா இன்னா குடுக்கறதுன்னு எங்களுக்குத் தெரியல. எழவு வூட்டுக்குன்னா சோறு குடுக்கணும்னு தெரியும்.”

செல்வி சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, அதனால் ரீத்தாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இப்போது குண்டானை என்ன செய்வது என்ற சிக்கல் வந்தது. சாவு வீட்டுக்கென்று எடுத்த சோற்றைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்றாள் செல்வி. உயிரோடு இருக்கிற புருஷனுக்கு எழவுச் சோறு நான் சாப்பிட மாட்டேன் என்றாள் ரீத்தா. மூன்று பேரும் குண்டானைச் சுற்றி நின்றார்கள். வெங்கடேசன்தான் தொண்டையைச் செருமினார்.

“ஏங்க, அந்த நட்சத்திரம் எங்க இருக்குதுங்க? அத கட்டிட்டா இது பண்டிகை வூடுங்க. பண்டிகை வூட்டுல சாப்புடறது பண்டிகைச் சோறுதானேங்க.”

சொல்லிவிட்டு அவரே பரணில் ஏறி, தூசி தட்டி, பட்டப்பகலில் வாசலில் நட்சத்திரத்தைக் கட்டி விளக்கையும் போட்டார். தெருவில் போனவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். செல்வி அதற்குள் வாழையிலையை அறுத்து வந்துவிட்டாள்.

மூன்று இலை விழுந்தது. சோறு, சாம்பார், வாழைக்காய்ப் பொரியல். ரீத்தா ஈரல் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முதல் கரண்டி வழக்கம்போல வெங்கடேசன் இலைக்கு மேலே போய்விட்டது. ஆம்பளை, அதுவும் விருந்தாளி. அவள் கை அங்கேயே நின்றது. பிறகு கரண்டியைத் திருப்பித் தன் இலையில் கொட்டினாள். இரண்டாவது கரண்டியும் தன் இலையில். அதன்பிறகுதான் செல்விக்கு இரண்டு துண்டு, வெங்கடேசனுக்கு இரண்டு துண்டு.

“அக்காவுக்கு ஈரல்னா உசுரா?” என்றாள் செல்வி ஆச்சரியமாக.

“ஆமா.”

அதை வாயால் சொல்வதற்கு இத்தனை வருஷமாகியிருந்தது. ஈரல் மெத்தென்று வெந்திருந்தது, மிளகு நாக்கில் சுரீரென்றது. அவள் அவசரப்படாமல் சாப்பிட்டாள்.

பாதிச் சாப்பாட்டில் செல்போனைப் போட்டாள். போட்டதும் சவரியப்பன் கூப்பிட்டுவிட்டார்.

“ரீத்தா, ஊர்ல இருந்து எனக்கே போன் பண்ணி, அண்ணன் எப்போ தவறினாரு, எடுக்கறது எப்போன்னு கேக்கறானுங்க!”

“நானும் கேள்விப்பட்டேன். எப்போ எடுக்கறாங்களாம்?”

“வெளையாடாத. இங்க பிரியாணி வாயில வெக்க முடியல. அனிட்டாவும் ஒழுங்கா சாப்டல, உன்னதான் கேட்டுக்கினே இருக்கா. நாளைக்குக் காலைல புள்ளைங்க ரெண்டு பேத்தையும் கூட்டிக்கினு வந்துடறேன்.”

ரீத்தா மனசுக்குள் அதிரசத்துக்கு அரிசி ஊறப்போட்டுவிட்டாள், அதை அந்த மனிதரிடம் உடனே சொல்ல வேண்டிய அவசியமில்லை.

“ஆமா, நீ இன்னா சமைச்ச?” என்று கேட்டார்.

“ஈரல்.”

அந்தப் பக்கம் எச்சில் விழுங்குகிற சத்தம் கேட்டது. “எனக்குக் கொஞ்சம் எடுத்து வெச்சிருக்கியா?”

இலையில் கடைசித் துண்டு இருந்தது. ரீத்தா அதைப் பார்த்தாள்.

“செத்துப்போனவருக்கு எதுக்குங்க ஈரலு?” என்று சொல்லிவிட்டு, அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.