தலகாணி மாமா தூங்கும் நேரம்

மோட்டாரைப் போட்டதும் தரையில் கசங்கிக் கிடந்த மஞ்சள் துணி மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் ஒரு கால் எழுந்தது, பிறகு தொப்பை, கடைசியில் தலை. பத்து நிமிடத்தில், புதுப் படத்துக்கு விளம்பரமாக வந்த காற்றுப் பொம்மை தலகாணி மாமா, நாற்பதடி உயரத்தில் தியேட்டர் வாசலில் ரோட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். இருபத்திரண்டு வருடமாக இந்தத் தியேட்டருக்கு நான்தான் எலக்ட்ரீஷியன். நிற்க வை என்றார்கள், வைத்தேன். எங்கே நிற்கிறார் என்று யோசிக்கவில்லை.

படம் சிரிப்புப் படம். மெத்தைக்கடை வாசலில் இருக்கும் பொம்மைக்கு உயிர் வந்து, வளர்ந்துகொண்டே போய், பார்க்கிற கட்டடத்தின் மேலெல்லாம் சாய்ந்து தூங்கிவிடும். கதை அவ்வளவுதான். அதற்கே ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

சாப்பிட வீட்டுக்குப் போனபோதுதான் பார்த்தேன். தியேட்டருக்குப் பக்கத்துக் கட்டடத்தில் மூன்றாவது மாடி எங்கள் வீடு. ஜன்னலைத் திறந்தால் தியேட்டர் வாசல், அதைத் தாண்டி ரோடு, ரோட்டோரம் பஸ் ஸ்டாப். இப்போது ஜன்னல் முழுக்க மஞ்சளாக இருந்தது. ஊருக்கெல்லாம் சிரித்த முகம், எங்களுக்கு மட்டும் முதுகு. நடுவில் ஒரு நீள ஜிப், அதன் ஓரத்தில் ஒட்டுப்போட்ட இடம்.

கட்டிலில் மனைவி அந்த ஒட்டையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் வாதம் வந்து இடப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. மிச்சம் வலது கையும் கண்ணும்தான். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பேச்சு இருந்த காலத்தில்கூட அவள் என்னை அப்படித் திட்டியதில்லை.

அவளுக்கு அந்த ஜன்னல் எதற்கு என்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன், அதுதான் எங்களுக்குள் ஏற்பாடு. ஐந்து நாற்பதுக்கு எங்கள் மகன் வேலை முடிந்து வந்து அந்த ஸ்டாப்பில் பஸ் மாறுவான். நிமிர்ந்து பார்ப்பான், கையைத் தூக்குவான். இவளும் வலது கையைத் தூக்குவாள். பஸ் வந்துவிடும். மாடிக்கு வரமாட்டான். அவளுக்கு வாதம் வருவதற்கு முன்பே, ஒன்றுமில்லாத ஒரு வாய்ச்சண்டையில், "இனிமே இந்தப் படிய மிதிக்காத" என்று நான் சொன்னேன். அவள் படுக்கையில் விழுந்தபோதுகூட ஆஸ்பத்திரியோடு நின்றுகொண்டான், படியை மிதிக்கவில்லை. பிடிவாதத்தில் என்னை உரித்து வைத்திருக்கிறான். அவன் போன் நம்பர் என்னிடம் இருந்தது. கூப்பிட வாய்தான் வரவில்லை.

மேனேஜரிடம் போய், பொம்மையைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமா என்று கேட்டேன்.

"எதுக்குண்ணே? இதானே நல்ல இடம். ரோட்டுல போறவன் பூரா பாக்குறான்."

"வீட்டுல கொஞ்சம் இருட்டா இருக்கு சார்."

"பகல்லயே லைட்டப் போட்டுக்குங்கண்ணே. உங்களுக்கே நான் சொல்லணுமா?" என்று சிரித்தார்.

உண்மையான காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மகன் ஏன் மாடிக்கு வருவதில்லை என்று அடுத்த கேள்வி வரும். சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

நான்கு நாள் அவள் ஐந்து நாற்பதுக்கு மஞ்சள் துணியைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். ஐந்தாம் நாள் தூக்கவில்லை. அன்று ராத்திரி கஞ்சியும் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் ஐந்து முப்பத்தைந்துக்குக் கீழே போய் மோட்டாரின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன். மாமாவின் தலை மெதுவாக முன்னால் தொங்கியது, பிறகு இடுப்பு மடங்கியது. கடைசியில் நெற்றி முட்டியைத் தொட்டது. அண்ணாந்து ஜன்னலைப் பார்த்தேன். உள்ளேயிருந்து ஒரு கை எழுந்தது. ஸ்டாப் பக்கம் திரும்பிப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. ஒரு கையைப் பார்த்தால் போதும், இன்னொன்றும் எழுந்திருக்கும். அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தை யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் டிக்கெட் வரிசையில் நின்றவர்கள் பார்த்துவிட்டார்கள். "மாமா தூங்கிட்டாருடா!" என்று ஒரே கூச்சல். படத்தில் வருவது மாதிரியே இருந்ததாம். இரண்டு நாளில் அந்த வீடியோ எல்லார் போனிலும் ஓடியது.

மேனேஜர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "எங்கண்ணே வச்சிருந்தீங்க இந்த மூளைய? தினமும் தூங்க வைக்கிறோம். ஆறு மணிக்கு ஒருதடவ, ஒம்பதரைக்கு ஒருதடவ."

"அஞ்சு நாப்பதுக்கு வைங்க சார்."

"அப்ப யாருண்ணே இருப்பா? ஷோவுக்கு வர்றவன் ஆறு மணிக்குத்தான் வருவான். டைமரே மாட்டச் சொல்லிட்டேன், உங்களுக்குத் தொந்தரவு வேணாம்."

டைமர் வந்தது, பூட்டுப் போட்ட பெட்டியில். சாவி அவரிடம். ஆறு மணிக்கு மாமா தூங்க, அதைப் போனில் பிடிக்க ஐந்தரையிலிருந்தே கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. பஸ் நகர முடியவில்லை. மூன்றாம் நாள் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து ஸ்டாப் பலகையைப் பிடுங்கிப் போய், திருப்பம் தாண்டி அடுத்த தெருவில் நட்டார்கள். பலகை நின்ற ஓட்டை மட்டும் நடைபாதையில் இருந்தது. நான் செய்த வேலையை நானே நின்று பார்த்தேன்.

ஒரு சாயங்காலம் துணிந்து புது ஸ்டாப்புக்குப் போனேன். நின்றிருந்தான். இளைத்திருந்தான், காதோரம் ஒரு நரை. என்னைப் பார்த்ததும் பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டான். வழியெல்லாம் வேறு என்னென்னவோ சேர்த்து வைத்துக்கொண்டு போயிருந்தேன்.

"படம் பாத்தியா?" என்றேன். செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"இல்ல."

"நல்லாருக்காம்."

அவன் பஸ் திருப்பத்தில் தெரிந்தது.

"ஆறு மணிக்கு மாமா தூங்குவாரு. ரெண்டு நிமிஷம்தான். வந்து பாரு."

"அத நான் எதுக்குப் பாக்கணும்?"

அப்போதுதான் ஜன்னல் தெரியும் என்று சொல்லியிருக்க வேண்டும். அம்மா சாப்பிடுவதில்லை, வீட்டுக்கு வாடா என்று சொல்லியிருக்க வேண்டும். பஸ் வந்து நின்றது, கதவு திறந்தது. ஏறியவன் ஒருமுறை திரும்பினான். என்னைப் பார்த்தானா, பின்னால் ஏற வழி கேட்டவனைப் பார்த்தானா, தெரியவில்லை. கதவு மூடிக்கொண்டது.

அன்று வீடு திரும்பும்போது ஆறாக மூன்று நிமிடம் இருந்தது. நேற்று அதே நேரத்துக்கு அவளைத் திருப்பி வைக்கப் போனால் கையைத் தட்டிவிட்டாள். இன்று கேட்காமலே தலையணையைச் சரித்து, ஜன்னல் பக்கம் திருப்பினேன். தட்டிவிடவில்லை. கீழே கூட்டம் பத்து, ஒன்பது என்று எண்ண ஆரம்பித்தது. மோட்டார் சத்தம் தாழ்ந்தது. ஒட்டுப்போட்ட முதுகு நடுங்கி, வளைந்து, ஜன்னலை விட்டு இறங்கியது.

தியேட்டர் வாசல் முழுக்கக் கைகள். இருநூறு, முந்நூறு இருக்கும், எல்லாம் மேலே தூக்கியபடி. அவள் வலது கையை உயர்த்தினாள். உயர்த்திய கையை இறக்காமல், கண்களை ஒவ்வொரு கையாக நகர்த்தினாள்.

நானும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தேடினேன். போன் இல்லாத கை ஒன்று. ஒன்றே ஒன்று. கீழே மோட்டார் மறுபடி வேகமெடுக்கும் சத்தம் கேட்டது, மஞ்சள் தலை மெல்ல எழுந்து வந்துகொண்டிருந்தது.